ஆறு நாள் சத்தம்

ஞானராஜின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்ட ராஜமேரி மூன்று முறை முடிச்சுப் போட்டாள். மூன்றும் நழுவின. 

"உடுங்க அண்ணி, நான் கட்டறன்" என்று கொழுந்தன் அமல்தாஸ் குனிந்தான். அவள் அவன் கையைத் தள்ளிவிட்டு நாலாவது முடிச்சையும் தானே போட்டாள். அது நின்றது.

அமல்தாஸ் வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினான். "யாரு கேட்டாலும் நெஞ்சுவலி. காலையில நெஞ்சப் புடிச்சிக்கிட்டு சாஞ்சாரு, அவ்ளோதான். காய்ச்சல்னு ஒரு வார்த்த வந்துச்சி, பாலித்தீன் பையில சுத்தித் தூக்கிக்கிட்டுப் போயிருவாங்க. எங்க பொதைக்கறாங்கன்னு கூட நமக்குத் தெரியாது. சாமியாருகிட்ட பேசிட்டன். நாலு மணிக்குக் கல்லறையில அடக்கம். அப்பாவுக்குப் பக்கத்துலயே எடம். பெட்டி பாப்பாரப்பட்டியில இருந்து கெளம்பிருச்சி."

ராஜமேரி தலையை ஆட்டினாள். கட்டிய புருஷனுக்குக் கடைசியாக ஒரு மணிச்சத்தம், ஒரு பெட்டி, ஒரு சிலுவை. அதற்காக ஒரு பொய் சொன்னால் என்ன குறைந்துவிடும்? ஆறு நாளாகச் சொல்லாத பொய்யா?

அந்தத் தெருவில் ஒழுங்காக ஓடுகிற டிவி அவர்கள் வீட்டில் மட்டும்தான். மற்ற வீட்டு இலவச டிவியெல்லாம் எப்போதோ கெட்டுப்போய்ப் பரண் ஏறிவிட்டன. செல்போனில் பாடம் என்றால் நெட் சிக்னலைத் தேடி ஏரிக்கரைக்கு ஓட வேண்டும். பள்ளிக்கூடம் பூட்டி இரண்டாவது வருஷமும் பிறந்தபோது ஞானராஜ்தான் தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டு முன்னறையில் பாய் விரித்தான். ஐந்து பேர், மகள் ஏஞ்சலினோடு ஆறு. கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓட ஓட, அவன் சாக்குக்கட்டியால் சுவரில் அதே கணக்கைப் போட்டுக் காட்டுவான். பத்தாவதில் கணக்கில் மூன்று முறை கோட்டை விட்டவன் என்பதை ஒளித்ததே இல்லை.

"ஃபெயிலுன்னா உங்கள எதுக்கு சாருன்னு கூப்புடணும்?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டு மலர்விழியின் மகள் தர்ஷினி. ஆறாவது படிக்கிறவள், வாய் மட்டும் காலேஜ் படிக்கும்.

"மூணு தடவ எழுதுனவனுக்குத்தான் எந்த எடத்துல தப்பு வரும்னு தெரியும் கண்ணு. ஒரே தடவையில பாசானவனுக்கு என்னா தெரியும்?"

நாற்பத்திரண்டு வயதில் இயற்கணிதம் பிடிபட்ட அன்று, ராஜமேரியை அடுப்படியிலிருந்து இழுத்துவந்து சுவரைக் காட்டினான். அவளுக்கு ஒரு எழுத்தும் விளங்கவில்லை. ஆனாலும் அவன் முகத்தைப் பார்க்க அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

காய்ச்சல் கண்ட அன்றும் பிள்ளைகளோடு பாயில்தான் உட்கார்ந்திருந்தான். சாயங்காலம் உடம்பு அனலாகக் கொதித்தது. கொல்லையில் பட்டுப்புழு வளர்க்கிற கொட்டாய் காலியாகக் கிடந்தது, அதில் கட்டிலைப் போட்டுக்கொண்டான். "வெளிய சொன்னா வூட்டுக்குத் தகரம் அடிச்சிருவாங்க மேரி. புள்ளைங்க படிப்பு போயிரும். நாலு நாள்ல எறங்கிரும் பாரு" என்றான். அவளும் சரி என்றாள். படிப்புக்காக இல்லை, பயத்தில். அந்த மாதம் ஆம்புலன்ஸில் ஏறிய யாரும் நடந்து திரும்பியதை அவள் பார்க்கவில்லை.

சாரு எங்கே என்று கேட்ட பிள்ளைகளிடம் கொட்டாயில் வேலை என்று சொல்லிவைத்தாள். இருமல்தான் காட்டிக்கொடுக்கப் பார்த்தது. அவன் இருமும்போதெல்லாம் ராஜமேரி ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் கூட்டினாள். ஒளிச்சேர்க்கையும் பின்னங்களும் தெருக்கோடி வரை கேட்டன. "அக்கா, உங்க புண்ணியத்துல நானும் பாத்திரம் கழுவிக்கிட்டே எட்டாப்பு படிக்கறனுங்க" என்று மலர்விழி வேலியோரம் நின்று சிரித்தாள். ராஜமேரியும் சிரித்து வைத்தாள்.

இன்று காலை பதினோரு மணிக்கு இருமல் நின்றது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. தூங்கட்டும் மனுஷன் என்று சத்தத்தைக் குறைத்தாள். பாடம் முடிந்து பிள்ளைகள் கிளம்பிப் போன பிறகு, கஞ்சியை ஆற்றி எடுத்துக்கொண்டு கொட்டாய்க்குள் போனாள். கண்கள் பாதி திறந்திருந்தன. கை சில்லிட்டுப் போயிருந்தது.

ஊரடங்காம் ஊரடங்கு! இழவு என்று காதில் விழுந்தால் அந்தத் தெருவுக்கு எந்த உத்தரவும் செல்லாது. மூன்று மணிக்குள் வாசல் நிறைந்துவிட்டது. கோயில் மணி விட்டு விட்டு அடித்தது. கோயில் உபதேசியார் ஜெபமாலையைத் தொடங்கினார். ஒவ்வொருவராக உள்ளே வந்து, ஞானராஜின் மார்பில் வைத்திருந்த சிலுவையை உதட்டால் தொட்டு முத்தி செய்தார்கள். வேதக்காரர் அல்லாத இந்து வீட்டுக்காரர்கள் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். எதிர்வீட்டுக் கருப்பண்ணன் அந்தப் பாதத்தில் முகத்தையே வைத்து அழுதார். ராஜமேரி பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்திருந்தாள். இன்னும் ஒரு மணி நேரம், ஒரே ஒரு மணி நேரம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மலர்விழி அழுது வீங்கிய முகத்தோடு தர்ஷினியை முன்னால் தள்ளினாள். "சாரு கால தொட்டுக் கும்புட்டுக்க, போ."

தர்ஷினி காலருகே போகவில்லை. மற்றவர்கள் செய்ததைப் பார்த்திருக்கிறாள். தலைமாட்டுப் பக்கம் போய், முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு, சிலுவையை நோக்கிக் குனிந்தாள்.

"தொடாத!"

கத்தியது தான்தான் என்று ராஜமேரிக்கே ஒரு கணம் கழித்துத்தான் தெரிந்தது. ஜெபமாலை நின்றது.

"அண்ணி துக்கத்துல இருக்காங்க, நீ கும்புடு பாப்பா" என்று அமல்தாஸ் அவசரமாகக் குறுக்கே வந்தான்.

"நெஞ்சுவலி இல்லீங்க" என்றாள் ராஜமேரி. "காய்ச்சலு. ஆறு நாளா காய்ச்சலு, இருமலு. கொல்லையில படுக்க வெச்சி மறைச்சிட்டன். புள்ளைங்க அஞ்சு பேரையும் டெஸ்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க. இன்னைக்குத் தொட்டவங்களும் போங்க."

 மலர்விழி மகளை இழுத்து, அவள் இரண்டு கைகளையும் தன் முந்தானையில் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடி துடைத்தாள்.

"அப்ப அந்த டிவி சத்தம்..."

"அதுக்குத்தான்."

"எம் புள்ள உள்ளதான உக்காந்திருந்தா? அவளுக்குச் சோறு கூட போட்டியேடி."

அக்கா, வாங்க, போங்க என்று மட்டுமே பேசிப் பழகிய வாய் அது. ராஜமேரி தலை குனியவில்லை. ஏசட்டும், அடித்தாலும் அடிக்கட்டும் என்று நின்றாள். மலர்விழி அடிக்கவில்லை. ஆறாவது படிக்கிற பிள்ளையைக் கைக்குழந்தை போலத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினாள்.

அவள் ஓடியதும் வாசல் கலைந்தது. ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு போனார்கள். உபதேசியார் மட்டும் படி வரைக்கும் பின்னால் நகர்ந்து, அங்கிருந்தபடியே பரலோக மந்திரத்தைச் சொல்லி முடித்துவிட்டுப் போனார். சற்றுநேரத்தில் மணியும் நின்றது.

"கெடுத்துட்டீங்களே அண்ணி" என்று அமல்தாஸ் தலையில் அடித்துக்கொண்டான். "எங்கண்ணன அநாதப் பொணமாக்கிட்டீங்களே!"

"ஆஸ்பத்திரி நர்சம்மாவுக்குப் போனப் போடு தம்பி."

 அவன் தெருவுக்குப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசினான்.

சமையலறைக் கதவைப் பிடித்தபடி நின்றாள் ஏஞ்சலின். "அப்பாவ எங்கம்மா எடுத்துக்கிட்டுப் போவாங்க?"

"தெரியல கண்ணு."

சொன்ன பிறகுதான் அழுகை வந்தது. அதுவரை வராத அழுகை அத்தனையும் வந்தது. அவனை மாமனார் பக்கத்தில் படுக்கவைக்கும் ஒரே வழியைத் தன் வாயாலேயே அடைத்துவிட்டாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு வாசலுக்கு வந்தாள்.

வாசல் முழுக்கச் செருப்புகள். ஓடிய அவசரத்தில் பாதிப் பேர் வெறுங்காலோடு போயிருந்தார்கள். எடுக்க யாரும் இந்தப் படியேறப் போவதில்லை. வெளியே வெயில் தெருவைச் சுட்டுக்கொண்டிருந்தது. ராஜமேரி கூரையில் செருகியிருந்த நீளக் கம்பை உருவி, கையால் தொடாமல், ஒவ்வொரு ஜோடியாகத் தெரு ஓரத்துக்குத் தள்ளினாள். சின்னச் செருப்புகளை முதலில் தள்ளினாள். தர்ஷினியின் ரோஸ் நிறச் செருப்பு ஒன்று கவிழ்ந்து கிடந்தது. கம்பின் நுனியால் அதைத் திருப்பிப் போட்டு, அதன் ஜோடியோடு சேர்த்து, மெதுவாக நகர்த்தினாள்.