முதல் வழக்கிலேயே தோற்ற மாப்பிள்ளை

அந்தக் கோர்ட்டு வீடியோ விளையாட்டின் முதல் வழக்கில் தோற்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. சாட்சியை எப்படிக் குறுக்கு விசாரணை செய்வது, எந்தப் பட்டனை அமுக்கினால் வக்கீல் ‘ஆட்சேபணை!’ என்று கத்துவார் என்றெல்லாம் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுக்கவே வைத்த வழக்கு அது. திருடன் யார் என்பதையும் முதல் காட்சியிலேயே காட்டிவிடுவார்கள். ரெக்ஸ் அதில் இரண்டு தரம் தோற்றான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அனிட்டா தலையில் கை வைத்துக்கொண்டாள். அந்த விளையாட்டின் ஐந்து பாகங்களையும் வருஷத்துக்கு ஒரு தரம் முதலிலிருந்து ஆடித் தீர்ப்பவள் அவள். ஓசூர் சிப்காட்டில் தரப் பரிசோதனை வேலை. பகலெல்லாம் கோளாறான பீஸ்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, வீட்டுக்கு வந்து பொய்ச்சாட்சிகளைத் திருப்பி அனுப்புவாள். இந்தத் தரம் கட்டிக்கொள்ளப் போகிறவனோடு சேர்ந்து ஆட ஆசைப்பட்டாள், பாவம்.

“சாட்சி சொல்ல வந்த குடைக்கடைக்காரர் என்ன சொன்னாரு?” என்றாள்.

“திருடன் மழையில நனைஞ்சுக்கிட்டு ஓடினதைப் பார்த்தேன்னாருங்க.”

“திருட்டு நடந்தப்ப எடுத்ததா உங்க கையில இருக்கற போட்டோவுல ரோடு எப்படி இருக்குது?”

“காஞ்சு கிடக்குதுங்க.”

“அப்புறம் என்ன? அமுக்குங்க!”

ரெக்ஸ் பட்டனைத் தடவிக்கொண்டே இருந்தான். “வயசானவரு, மறந்திருப்பாரு. அத்தனை பேரு முன்னாடி எப்படிங்க தப்புன்னு சொல்றது?”

வேறொருத்தி என்றால் சிரித்திருப்பாள். அனிட்டாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ரெக்ஸ் தங்கமான பையன்தான். ஆனால் கம்பெனி கேன்டீனில் உப்பில்லாத சாம்பார் ஊற்றினாலும் குனிந்த தலை நிமிராமல் சாப்பிடுகிற ரகம். நாளைக்குத் தனக்கு ஒன்று என்றால் இந்த மனுஷன் வாயைத் திறப்பாரா? அவர்கள் வீட்டில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினால், சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாரா?

அம்மா அருள்மேரியிடம் சொன்னதற்கு, “சத்தம் போடாத மாப்ள கிடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்டி” என்றார். அப்பா ஜேம்ஸ் தவறிப்போன பிறகு கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போய் மகளை ஒற்றை ஆளாக வளர்த்தவர். அவரிடம் அதற்கு மேல் என்ன வாதாடுவது?

கத்தோலிக்கக் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று அறிவிப்பு. இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்றாவதற்குள் தானே போய் ஒரு தடையைச் சொல்லிவிடலாமா என்றுகூட அனிட்டாவுக்குத் தோன்றியது.

மூன்றாம் ஓலைக்கு ரெக்ஸ் தன் மாமாவோடு பர்கூரிலிருந்து வந்து ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தான். பங்குத்தந்தை வெளியூர் போயிருந்ததால், புதிதாகப் பட்டம் பெற்ற ஓர் இளம் குரு பூசை வைத்தார். எல்லோருக்கும் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், கொடுத்து முடித்ததும் ஓலையைக் கையில் எடுத்தார். அவசரமோ, பதற்றமோ, நல்ல கணீர்க் குரலில் வாசித்தார்: “காலஞ்சென்ற ஜேம்ஸ், காலஞ்சென்ற அருள்மேரி ஆகியோரின் மகள் அனிட்டா...”

கோயிலில் சலசலப்பு. அருள்மேரி முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு குனிந்துவிட்டார். கல்யாண ஓலையில் பெற்றவளைச் சாகடித்தால் யாருக்குத்தான் மனசு தாங்கும்? அனிட்டா எழப் பார்த்தாள். விளையாட்டில் தொண்டை கிழியக் கத்துகிறவளுக்கு இங்கே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. “பூசையில பேசக்கூடாது, விடுடி” என்று அம்மா அவள் கையைப் பிடித்து அமுக்கினார்.

“இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள் தெரிவிக்கலாம்” என்று குரு முடித்தார்.

ஆண்கள் பக்கத்தில் ஒருவன் எழுந்து நின்றான். ரெக்ஸ்!

“ஃபாதர், தடை இருக்குதுங்க.”

கோயிலே திரும்பிப் பார்த்தது. மாப்பிள்ளையே தடை சொன்னால் அப்புறம் என்ன கல்யாணம்? மாமா அவன் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தார். தடை சொல்ல நினைத்தவள் அனிட்டாதான், ஆனால் அவன் சொன்னதும் பகீர் என்றது.

“இல்லீங்க, தடை இல்லீங்க, தப்பு” என்று ரெக்ஸ் திணறினான். “அத்தை உசுரோட இருக்காங்க ஃபாதர். தோ, அந்த நாலாவது பெஞ்சுல. தயவுசெஞ்சு திருத்தி வாசிச்சுடுங்க.”

குருவின் முகம் சிவந்துவிட்டது. அருள்மேரி மெதுவாக எழுந்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கி, “இருக்கேன் ஃபாதர்” என்றார். பின்பெஞ்சுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். குருவும் சிரித்து, மன்னிப்புக் கேட்டு, முதலிலிருந்து நிறுத்தி நிதானமாக வாசித்தார்.

வெளியே வண்டி நிறுத்துகிற இடத்தில் ரெக்ஸ் பைக் சாவியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அதை வண்டியில் தலைகீழாகச் செருகப் பார்த்தான்.

“பயமா இல்லீங்களா?” என்று அனிட்டா கேட்டாள்.

“செத்தே போயிட்டேங்க. ஆனா அத்தை தலையைக் குனிஞ்சதைப் பார்த்தேன். அதுக்கப்புறம் என்னால உக்கார முடியல.”

அனிட்டாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. இவனைப் போய் என்னவெல்லாம் நினைத்தோம் என்று வெட்கமாகவும், அதைவிடப் பத்து மடங்கு சந்தோஷமாகவும் இருந்தது. ஊர் பார்க்கிறது என்பதை மறந்து, சாவி பிடித்த அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அருள்மேரி அதைப் பார்க்காத மாதிரி பக்கத்தில் வந்து நின்றார்.

“வீட்டுக்கு வாங்க மாப்ள, பிரியாணி செஞ்சிருக்கேன். உசுரோட இருக்கறவ கை ருசி எப்படின்னு பாத்துட்டுப் போங்க.”