எடுக்கும் நேரம்

அஞ்சலி மண்டபத்தில், கம்பெனி அனுப்பிய மலர்வளையத்தை யுன்சிம் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். ஆளுயரம் இருந்தது. நாடாவில் 'ஆழ்ந்த இரங்கல்' என்று அச்சடித்திருந்தார்கள்.

வெள்ளைச் சாமந்திகளுக்கு நடுவே தம்பி கிதே படத்தில் சிரித்துக்கொண்டிருந்தான். பார்சல் கிடங்கில் இரவு வேலை. நேற்று விடியற்காலை பெட்டிகளுக்கு இடையில் விழுந்தவன் எழவில்லை. போன வாரம்தான் வீங்கிய தன் பாதங்களைப் படமெடுத்து அக்காவுக்கு அனுப்பியிருந்தான். 'ஷூ ஏறல. பெரிய சைஸா வாங்கி வை.' நேற்று அவள் அதை இணையத்தில் போட்டாள். இப்போது சியோலிலிருந்து பூசான் வரை யார் யாரோ அவன் பெயரைச் சொல்லித் தங்கள் வீங்கிய பாதங்களைப் படமெடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கிடங்கு ஆட்கள், நர்சுகள், ஓட்டல் சமையல்காரிகள். 'பிணத்தைக் காட்டிப் பேர் வாங்குகிறாள்' என்று எழுதியவர்களும் இருந்தார்கள்.

கிடங்கு மேலாளர் நோ என்பவர் வந்தார். படத்தை இரண்டு முறை விழுந்து வணங்கிவிட்டு நேராகச் சித்தப்பாவின் முன்னால் உட்கார்ந்தார். சாவு வீட்டில் ஆண்பிள்ளைதான் தலைமை. அதற்கு அடையாளமான துக்கக் கைப்பட்டி சித்தப்பாவின் கையில் இருந்தது.

"ஐயா, நாளைக்குக் காலைல நல்லபடியா எடுத்துடுவோம். நெட்ல போட்ட அந்தக் கால் படத்தை மட்டும் நீக்கச் சொல்லுங்க."

"போட்டது நான். என்கிட்ட சொல்லுங்க" என்றாள் யுன்சிம்.

"நீங்க துக்கத்துல இருக்கீங்கம்மா."

"துக்கம் அப்புறம். இப்ப கோவத்துல இருக்கேன். உங்க முதலாளி வந்து மன்னிப்பு கேக்கட்டும். அதுவரைக்கும் தம்பியை எடுக்க விடமாட்டேன்."

"மெதுவாப் பேசுடி" என்றார் சித்தப்பா. "அவனை ஐஸ்ல போட்டு வெச்சிட்டு யாரோட சண்டை?"

"உங்களோடயும்தான் சித்தப்பா."

நோ இரண்டு கைகளாலும் அவருக்குச் சோஜு மது ஊற்றினார். "உங்களுக்குத் தெரியாததா ஐயா? இப்பல்லாம் போன்லயே யார் காலையும் யானைக்காலா ஆக்கிடலாம். பையன் ஏதோ விளையாட்டுக்கு..."

துக்கத்துக்கு வந்தவர்களுக்குப் பரிமாறிய மாட்டிறைச்சி சூப்பில் சித்தப்பாவின் கரண்டி நின்றது. மதியம் உடலைப் பெட்டியில் வைக்கும்போது அவர் மட்டும்தான் உள்ளே போனார். யுன்சிமால் முடியவில்லை, வெளியே நடையில் உட்கார்ந்துவிட்டாள். என்ன பார்த்தீர்கள் என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

"அவனுக்குக் கடைசி உடுப்போட சணல் காலுறை போட்டாங்க" என்றார் சித்தப்பா, சூப்பைப் பார்த்தபடி. "ஏறல. ரெண்டு பேர் இழுத்தும் ஏறல. பின்னாடி கத்தரிச்சு, நூல்ல கட்டி விட்டாங்க. பொணமும் விளையாடுச்சாய்யா?"

நோ சோஜு புட்டியை மூடி வைத்தார்.

"எந்திரி. உங்க கம்பெனி அனுப்புன பூவையும் தூக்கிட்டுப் போ."

தூக்கிய மலர்வளையம் நோவின் முகத்தை மறைத்தது. வாசலில் தன் ஷூவைக் காலால் துழாவித் தேடினார். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

சற்று நேரத்தில் மண்டப ஊழியர் எட்டிப் பார்த்தார். "நாளைக்கு ஏழு மணிக்கு வண்டி. உறுதிதானே ஐயா?"

"அவளைக் கேளு."

"வேண்டாம்" என்றாள் யுன்சிம். "நாளைக்கு எடுக்கல."

ஊழியர் சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா ஆறிப்போன சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து வாசலில் இருந்த மின்திரையில் கிதேயின் பெயருக்குக் கீழே எடுக்கும் நேரமாக இருந்த ஏழு மணி அழிந்தது. அந்த இடம் காலியாக ஒளிர்ந்தது. அதன் அடியில் முன்பின் தெரியாத ஒரு பெண், நர்ஸ் சீருடையோடு, சுவரைப் பிடித்துக்கொண்டு வீங்கிய காலிலிருந்து ஒரு ஷூவைக் கழற்றப் போராடிக்கொண்டிருந்தாள்.