நாற்பத்தொன்றாம் பக்கம்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் இது பெருமிதத்தில் பிறந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஜெராக்ஸ் கடையொன்றின் பின்னறையில், இன்னும் அச்சாகாத ஒரு புத்தகத்தைப் பத்துப் பெண்கள் காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்குக் கிடைத்தது. மெய்ப்புப் பார்த்துக் கொடுத்தவன் என்ற முறையில் நானும் ஒரு மூலையில் இருந்தேன். வீடு திரும்பியதும் எழுத உட்கார்ந்தேன். முதல் வரி இப்படி வந்தது:

‘ஒரு காட்டில் யானைகளுக்குத் துணி துவைத்துக் கொடுத்த எறும்புகள் ஒரு நாள் —’

அடித்துவிட்டேன். யானைக்கு ஏது துணி?

[விலங்குகளை வைத்துக் கதை சொல்வதில் ஒரு வசதி உண்டு. நரி வழக்குத் தொடுப்பதில்லை. ஆனால் இந்தக் கதைக்கு உரியவரோ, நரியை நரி என்றே அச்சடிக்கப் பதிப்பகம் தொடங்கியவர். “எறும்பெல்லாம் வேணாம் சார். ஆளுங்கள ஆளாவே எழுதுங்க” என்று சொல்லிவிட்டார்.]

2

அவரை எல்லோரும் அக்கா என்பார்கள், அவரைவிட மூத்தவர்கள் உட்பட. கணவரின் ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால், காகிதக் கட்டுகளுக்கு இடையே போட்ட ஒற்றை மேசைதான் பதிப்பகம். எழுத நேரமில்லாதவர்கள் பேசுவார்கள், அக்கா எழுதுவார். அப்படி ஆறு புத்தகங்கள் வந்துவிட்டன. ஆறாவது, ஒரு கிடங்கில் வேலை செய்யும் பெண்கள் பேசியது; அது வந்த மறுமாதம் அந்தக் கிடங்கில் பெண்களுக்குக் கழிப்பறை கட்டினார்கள். புத்தகத்தைப் பார்த்ததே இல்லை என்றார் அதன் மேலாளர். அவர் மேசை இழுப்பறையில் அது கிடந்ததை டீ கொண்டுபோனவர் பார்த்திருக்கிறார்.

அக்காவுக்கு ஒரு நெறி உண்டு. அச்சுக்குப் போகுமுன், பேசியவர்களை உட்காரவைத்து முழுப் புத்தகத்தையும் உரக்க வாசிப்பார். யாரும் தம் வார்த்தையைத் திரும்பப் பெறலாம். காரணம் கேட்கமாட்டார்.

ஏழாவது புத்தகம், பெரிய மருத்துவமனையொன்றின் சலவைக்கூடத்தில் வேலை செய்யும் பெண்களுடையது.

[முதல் வரைவில் இந்த இடத்தில் ஒரு பெண், கைகளைச் சேலைத் தலைப்புக்குள் வைத்தபடி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். புத்தகத்துக்காகக் கூடிப் பேசிய நான்கு மாதமும் வந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. கதையில் எதுவும் செய்யாத பாத்திரம் எதற்கு என்று நீக்கிவிட்டேன்.]

3

நாற்பதாம் பக்கம் முடிந்தது. அக்கா தாளைத் திருப்பினார். இஸ்திரிப் பிரிவில் மூத்தவரான, எல்லோரும் சித்தி என்று கூப்பிடும் பெண் கையை உயர்த்தினார்.

“அடுத்தத வாசிக்க வேணாம் அக்கா. எடுத்துடுங்க.”

நாற்பத்தொன்றாம் பக்கம் சித்தி சொன்னது. இஸ்திரி அறையில் நீராவிக் குழாய் வெடித்த அன்று, பின்கதவை மேற்பார்வையாளர் வெளியே பூட்டி வைத்திருந்தார். ஓட வழியில்லாமல் ஒரு பெண்ணின் இரண்டு கைகளும் வெந்துபோயின. கதவு திறந்துதான் இருந்தது, அவள்தான் கவனமில்லாமல் இருந்தாள் என்று நிர்வாகம் எழுதி வைத்துவிட்டது. பூட்டைப் பற்றிப் பேசும் ஒரே பக்கம் இதுதான். மறுநாள் காலை அச்சு.

“மக நர்ஸா சேர்ந்திருக்கா. அதே ஆஸ்பத்திரி. பன்னண்டு நாள்தான் ஆச்சு” என்றார் சித்தி, யாரும் கேட்காமலே.

“அதான் பன்னண்டு நாளா நாக்கு மடிஞ்சு போச்சா?” என்றார் ஒருவர்.

“நிறுத்துங்க. காரணம் கேக்கக் கூடாதுன்னுதான் பேச்சு. அவங்க சொன்னதே அதிகம்” என்றார் அக்கா.

இந்த இடத்துக்கு இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) ‘உண்மைதான் பெரிது என்று அக்கா அந்தப் பக்கத்தை அப்படியே —’ இல்லை. அப்படிச் செய்கிறவரை இத்தனை பேர் நம்பிப் பேசியிருக்கமாட்டார்கள்.

(ஆ) ஒன்பது பெண்களும் எழுந்து, ‘அதை நான் சொன்னதாகப் போடுங்கள்’ என்கிறார்கள். எறும்புக் கதைக்கு எவ்வளவு பொருத்தம்! எனக்கே கண் கலங்கியது. ஆனால் நடக்கவில்லை.

நடந்தது இது: அக்கா பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

4

வாசகரே, பொறுத்தருள வேண்டும். நான் நீக்கிய பெண்ணை மறுபடி ஜன்னலோரம் உட்காரவைக்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அடுத்துப் பேசியவர் அவர்தான்.

“அந்தப் பக்கம் யாரு கைய பத்தினது?”

எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள்.

“என் கைய பத்தினது. நாலு மாசமா சுத்தி உக்காந்து ஆளாளுக்குச் சொல்றீங்க. என்கிட்ட ஒருத்தரும் கேக்கல.”

“உனக்கு வலிக்குமேன்னுதான்மா...” என்று இழுத்தார் அக்கா.

“வலிச்சா வலிக்கட்டும். கைதான வெந்துச்சு? வாய் நல்லாத்தான இருக்கு.”

முதலில் சிரித்தது சித்தி. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். எழுந்து, மேசையருகே இருந்த தன் நாற்காலியைக் காட்டினார். “இங்க வாடி. அங்கேர்ந்து சொன்னா பாதி கேக்காது.”

“தப்பு என்னோடது” என்றார் அக்கா, எல்லோருக்கும் கேட்கும்படி.

ஆறு புத்தகம் போட்டவர், ஏழாவதில் செய்த பிழையைப் பத்துப் பேர் முன்னால் ஒப்புக்கொள்கிறார். ஊருக்கு நியாயம் கேட்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தம்மிடமும் நியாயம் கேட்கலாம் என்று கதவைத் திறந்து வைப்பவர் அபூர்வம். நான் அவருக்கு மெய்ப்புப் பார்ப்பவன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குள்ள கர்வத்தை நீங்கள் மன்னிக்க வேண்டியதில்லை.

அக்கா அச்சகத்துக்குப் போன் போட்டார். “நாளைக்கு வேணாம்ணே. ஒரு பக்கம் மாறுது.”

“மறுபடியுமா? உங்க புத்தகம் என்னைக்காவது சொன்ன நாள்ல வந்திருக்கா?”

“வந்ததில்ல. இதுவும் வராது” என்றார் அக்கா, பட்டம் வாங்கியவரைப் போல.

5

அந்தப் பெண் வந்து உட்கார்ந்தார். கைகளை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“பேரு போட்டே போடுங்க” என்றார்.

அக்கா புதுத்தாள் எடுத்தார். “கதவுலேர்ந்து ஆரம்பிக்கலாமா?”

“எல்லாரும் கதவுலேர்ந்தே ஆரம்பிக்கிறீங்க. அதுக்கு மூணு நாள் முன்னாடியே ஆரம்பிச்சுது. மொதல்ல பேனாவ கீழ வைங்க அக்கா. கேட்டுட்டு அப்புறம் எழுதுங்க.”

அக்கா பேனாவைக் கீழே வைத்தார்.

அந்த மேற்பார்வையாளர் என்ன ஆனார், சித்தியின் மகளுக்கு வேலை நிலைத்ததா — இவற்றை நான் இட்டுக்கட்டலாம். எனக்கு அது பழகிய வேலைதான். ஆனால் அந்த முடிவுகள், அந்தப் பக்கத்தை எத்தனை பேர் படிக்கிறீர்கள், படித்துவிட்டு என்ன கேட்கிறீர்கள் என்பதில் இருக்கின்றன. என் கையில் இல்லை.

அதோ, அவர் பேசத் தொடங்கிவிட்டார். நான் எழுதிக்கொண்டே இருந்தால் உங்களுக்குக் கேட்காது.