ஆர் போட்ட பெயர்

எழுதியதை நீங்களே திருத்துங்கோ என்று பேசாலை ஊரில் பெரியவர்களுக்கான ஆங்கில வகுப்பில் மிஸ் சிவப்புப் பேனையை நீட்டியதும் செலஸ்ரினாவுக்கு எரிச்சல் வந்தது. தன் தலையில் தானே பேன் பார்க்கிற வேலை. வலை, மீன், புருசன் என்று ஒவ்வொரு சொல்லாகத் தடவி ஒன்பது பிழை பிடித்தாள்.

"இன்னும் ஒண்டு கிடக்கு," என்றார் மிஸ். "உங்கட பேரில 'ஆர்' எழுத்து வராது. 'டீ' வரவேணும்."

இப்படியான பெயர்களில் 'ஸ்'ஸுக்குப் பின் தமிழில் 'ர' எழுதி 'ட' என்று வாசிக்கும் ஊர். பிறப்பைப் பதிந்தவர் எழுத்துக்கு எழுத்து ஆங்கிலமாக்கியிருந்தார்.

செலஸ்ரினா பேனையை மூடினாள்.

"தெரியும் மிஸ். அடையாள அட்டையிலயும் அந்த ஆர்தான் கிடக்கு. அதை எடுத்தால் அரசாங்கக் கந்தோரில என்னை ஆரெண்டு கேப்பாங்கள்."