மேபல் விற்ற கோட்டு

கறுப்புக் கோட்டை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, யன்னல் வெளிச்சத்தில் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு மேபல் உள்ளதைச் சொன்னாள்.

"கழுத்துப்பட்டி நைஞ்சு போயிருக்கு, பாருங்க. இதப் போட்டவருக்கு வாய்ச்சவ அவ்வளவு கெட்டிக்காரி இல்ல போல."

எதிரே நின்ற பாலம்மா சிரிக்கவில்லை. அவளுக்குக் கோட்டு வேண்டும், அவ்வளவுதான். கடுகண்ணாவைக்குக் கீழே றயில் பாதையில் வேலை செய்யும் புருஷனுக்கு மலேரியாக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் மருந்து வாங்கிக்கொண்டு மத்தியான றயிலுக்குத் திரும்புகிறார்கள். குளிர் வந்தால் மனிதர் கட்டிலோடு சேர்ந்து நடுங்குகிறார் என்று வந்ததுமே சொல்லியிருந்தாள். மேபலுக்கு மனம் இளகிவிட்டது. கிட்டத்தட்டச் சும்மாவே கொடுத்து, கர்த்தர் சுகம் தருவார் என்று சொல்லி அனுப்பிவைத்தாள்.

அது ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தைந்து, பாஸ்குத் திருநாள் முடிந்த முதல் சனிக்கிழமை. கண்டியில் ஒரு வேதக்கோயில் மண்டபத்தில் மாதர் சங்கத்துப் பழைய உடுப்புக் கடை நடந்துகொண்டிருந்தது. வெயில் பிறந்தால்தான் துரைமார் லீவில் சீமைக்குப் போவார்கள். பங்களாக்களில் ஒதுக்கிய பெட்டிகள் அப்போதுதான் வந்து சேரும். கூடவே ஊரில் செத்தவர்களின் அலுமாரிகளும் காலியாகி வரும். துரையின் தொப்பியும் செத்துப்போன வாத்தியாரின் சால்வையும் ஒரே மேசையில் கிடக்கும். வந்த பணம் எல்லாம் காய்ச்சல்காரருக்குக் கஞ்சி காய்ச்ச. எலும்பு வைத்துத் தைத்த ஏதோ ஒரு வெள்ளைக்கார உள்ளுடுப்பை என்னவென்று தெரியாமல் சங்கத்துக் கத்தரீனா அக்கா பிள்ளைகளின் உடுப்போடு வைத்திருந்தாள். அதையும் ஒருத்தி வாங்கிப் போய்விட்டாள். தகரக் கூரை அனல் கக்கியது. பாச்சை உருண்டை நாற்றத்தில் மேபலுக்குக் காலையிலிருந்தே தலை கிறுகிறுத்தது.

கூட்டம் கலைந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. மேபலின் புருஷன் அந்தோனிமுத்து ஒரு தேயிலைக் கம்பெனிக் கந்தோரில் கிளாக்கர். சனிக்கிழமை அரைநாள் வேலை முடித்து, பெட்டி தூக்க உதவுவதற்காகப் பின்வாசலால் வந்திருந்தார். வீட்டுக்குப் புறப்படலாம் என்று வெறும் சட்டையோடு வந்து நின்றவரிடம், கோட்டு எங்கே என்று மேபல் கேட்டாள். அவர் விற்பனைக் கோட்டுகள் தொங்கிய சுவரைத் திரும்பிப் பார்த்தார்.

"அந்த ஆணியிலதான் மாட்டினேன். காணோம் போல."

நைந்த கழுத்துப்பட்டி இப்போது மேபலின் கண்ணுக்குள் வந்து நின்றது. பன்னிரண்டு வருடம் தன் கையால் தூசி தட்டிய கோட்டு! வீட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்கினால் இருட்டிலும் அடையாளம் சொல்வாள். செத்தவர்களின் உடுப்போடு தொங்கியதும் யாரோ ஒரு செத்தவனுடையதாய்ப் போயிற்றா? தொலைந்ததைத் தேடித் தரும் அந்தோனியாருக்கே ஒன்பது நாள் நவநாள் செபம் செய்தவள், அந்தோனிமுத்துவின் கோட்டைத் தூக்கிக் கொடுத்திருக்கிறாள். அதுவும் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு போய்க் கேட்கவேண்டிய வேலைக்காகவே செய்த நவநாள்! திங்கட்கிழமை காலை பெரிய கிளாக்கர் வேலைக்குத் துரை அவரைக் கூப்பிட்டிருந்தார். கோட்டில்லாமல் துரையின் அறைக்குள் கால் வைக்க முடியாது. இருப்பதோ அந்த ஒரே கோட்டு.

"வேணாம் மேபல், வெயில்ல போகாத" என்று அவர் சொன்னது முதுகுக்குப் பின்னால் கேட்டது. அவள் அதற்குள் ஸ்டேசன் பாதையில் இறங்கிவிட்டாள். வியர்வையில் சேலை காலைச் சுற்றியது. எதிரே வந்தவர்கள் எல்லாம் குடைக்குள் ஒடுங்கி நடந்தார்கள். போடி, போடி, கண்ணிருந்தும் குருடி என்று தன்னையே ஏசிக்கொண்டு ஓட்டமும் நடையுமாய்ப் போனாள்.

ஸ்டேசனில் எல்லோரும் நிழல் தேடி ஒதுங்கியிருக்க, ஒருவர் மட்டும் சுட்டெரிக்கும் வெயிலில் குந்தியிருந்தார். கறுப்புக் கோட்டை மேலே போட்டு, பொத்தான்களையெல்லாம் பூட்டி, பல் கிடுகிடுக்க நடுங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பாலம்மா. மேபல் வந்து நின்று மூச்சு வாங்கினாள். கோட்டைத் திருப்பிக் கேட்கும் சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் பாலம்மா எழுந்து கும்பிட்டாள்.

"அந்த ஐயாவுக்கும் சொல்லிருங்கம்மா. அவருதான் ஆணியில இருந்து எடுத்து எங் கையில குடுத்தாரு."

"எந்த ஐயா?"

"பெட்டி தூக்கிக்கிட்டு நின்னாரே, கண்ணாடி போட்டவரு. 'மேசையில இருக்கிற அம்மாக்கிட்டக் காட்டுங்க, அவங்க குடுத்தா எடுத்துக்கிட்டுப் போங்க'ன்னாரு."

கண்ணாடி போட்டு, பெட்டி தூக்க வந்தவர் மேபலின் புருஷன் ஒருவர்தான். அவரா? தெரிந்தா கொடுத்தார்? நடுங்கும் மனிதரின் கதையைக் கேட்டு இரக்கப்பட்டாரா? அப்படியென்றால் வந்து சொல்லியிருக்கலாமே. பெரிய கிளாக்கர் வேலை, பெரிய கிளாக்கர் வேலை என்று மூன்று மாதமாய் அரித்தது அவள்தான். அவர் ஒரு தடவையாவது வேணும் என்று சொன்னதுண்டா? இல்லை, தன் பெண்சாதிக்குத் தன்னுடைய கோட்டைத் தெரிகிறதா என்று பார்த்தாரா? நைந்த கழுத்துப்பட்டியைப் பற்றி அவள் வாய் கிழியப் பேசியபோது மண்டபத்தில் எந்தப் பக்கம் நின்றார்? கேட்டிருப்பாரா? ஒன்றும் விளங்கவில்லை. கோபம்தான் முதலில் வந்தது, பிறகு வெட்கம், பிறகு எது எதுவென்று அவளுக்கே தெரியவில்லை.

றயில் வந்தது. பாலம்மா புருஷனைக் கைத்தாங்கலாய் ஏற்றினாள். மேபல் கோட்டைக் கேட்காமலே வண்டியை விட்டு விலகி நின்றாள்.

மண்டபத்துக்குத் திரும்பியபோது மற்றவர்கள் போய்விட்டிருந்தார்கள். அந்தோனிமுத்து மிஞ்சிய குவியலில் இருந்து மண்ணிறக் கோட்டு ஒன்றை எடுத்து விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கிடைச்சுதா?"

"றயிலு போயிருச்சு."

"ம்" என்றார். அந்த ஒரு சத்தத்தில் இருந்தது ஆறுதலா, ஏமாற்றமா என்று அவளால் பிரித்தறிய முடியவில்லை.

"இது எனக்குக் கொள்ளுமா, பாரு" என்று மண்ணிறக் கோட்டை அவளிடம் கொடுத்துவிட்டு, முதுகைக் காட்டித் திரும்பி, இரண்டு கையையும் அகல விரித்து நின்றார். முகம் தெரியவில்லை. சட்டை வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. மேபல் கோட்டை மேசையில் போட்டுவிட்டு, அவருடைய இடது தோளில் கட்டைவிரலை ஊன்றி, விரல்களை விரித்துச் சாண் போட்டாள். ஒரு சாண். இரண்டு. வலது தோளுக்குப் போவதற்குள் கணக்குத் தவறிவிட்டது. அவர் கையை இறக்கவில்லை. அவள் மறுபடி இடது தோளிலிருந்து தொடங்கினாள்.