டாக்டருக்குக் கொடுத்த முகவரி

வேல்விழி மேலகரத்தில் தன் வீட்டு மாடியிலிருந்தே ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு வேலை பார்த்தாள். வெளியே இருப்பவர்கள் அலுவலகக் கணினிகளுக்குள் பத்திரமாக நுழைய உதவும் விபிஎன் மென்பொருள் அவர்களுடையது. பல மருத்துவமனைகள் அதை நம்பியிருந்தன. உள்ளே வரும் ஒவ்வொருவருக்கும் அது ஒரு எண் முகவரி கொடுக்கும். யார் எதைப் பார்க்கலாம் என்பது அந்த முகவரியை வைத்துத்தான் முடிவாகும்.

கூட்டமான நேரங்களில் புதிதாக வருபவர்களுக்கு முகவரி கிடைக்காமல் போனது. செங்கோட்டையிலிருந்து வேலை பார்க்கும் முத்துகுமரன் அதைச் சரிசெய்து அனுப்பியிருந்தான். ஒருவரின் இணைப்பு அறுந்ததும் அவர் முகவரியை உடனே எடுத்து அடுத்தவருக்குக் கொடுக்கும் திருத்தம் அது. வேல்விழி ஒப்புதல் தந்தால் மறுநாள் எல்லா மருத்துவமனைகளுக்கும் போய்விடும்.

படித்ததில் பிழை தெரியவில்லை. எதற்கும் ஒருமுறை ஓட்டிப் பார்ப்போம் என்று நினைத்தாள். சோதனைக்கென்று வைத்திருந்த போலி மருத்துவமனைக்குள் மடிக்கணினியில் டாக்டராக நுழைந்து, நெட்டைத் துண்டித்தாள். பிறகு கைபேசியில் வரவேற்பாளராக நுழைந்தாள்.

கைபேசியில் டாக்டரின் பக்கம் திறந்தது. நோயாளிகளின் பெயர், நோய், மருந்தின் அளவு எல்லாம் இருந்தன. ஒரு அளவை மாற்றிப் பார்த்தாள். மாறியது.

முகவரி கைமாறியிருந்தது. அதோடு ஒட்டியிருந்த டாக்டரின் அனுமதி அழியவே இல்லை.

முத்துகுமரனை அழைத்துச் சொன்னாள். அவன் நம்பவில்லை. தானும் செய்து பார்த்துவிட்டுத் திரும்ப அழைத்தான்.

“அக்கா, நான் அனுமதி பக்கமே போகல. முகவரிய மட்டுந்தான தொட்டேன்.”

“அப்பம் பழசுலயும் இது இருக்கணும்லா,” என்றாள் வேல்விழி. சொன்ன பிறகுதான் அது அவளுக்கே உறைத்தது.

பழைய பதிப்பை ஓட்டினார்கள். இருந்தது. அதில் ஒருவரின் முகவரி அடுத்தவருக்குப் போவது அபூர்வம் என்பதால் யார் கண்ணிலும் படவில்லை. அந்தப் பதிப்புதான் மருத்துவமனைகளில் ஓடிக்கொண்டிருந்தது.

குழுத் தலைவி மங்களேஸ்வரியிடம் சொன்னதும், அவர் ஒவ்வொரு மருத்துவமனைக்கும் பேசி வெளியிலிருந்து யாரும் நுழைய முடியாதபடி நிறுத்தச் செய்தார். இதற்கு முன் யாராவது இப்படி அடுத்தவர் பக்கத்துக்குள் போயிருக்கிறார்களா என்று பழைய பதிவுகளைத் தேடிப் பார்க்கவும் அவர்களிடம் சொன்னார்.

சாயங்காலம் ஒரு மருத்துவமனையிலிருந்து தகவல் வந்தது. போன மாதம் ஒரு ஊழியர், தன் பக்கம் என்று நினைத்து ஒரு டாக்டரின் பக்கத்தில் எதையோ மாற்றியிருக்கிறார். ஒரு குழந்தையின் மருந்தளவு கூடிவிட்டது. ஊசி போட வந்த நர்ஸ் சந்தேகப்பட்டுக் கேட்டதால் குழந்தை பிழைத்தது. தப்பாக எழுதியதாக டாக்டரைப் பணியிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள்.

“பாவம், அவுக நான் எழுதலன்னு எத்தன தடவ சொல்லிருப்பாக,” என்றான் முத்துகுமரன். மருத்துவமனை அந்த டாக்டரைத் திரும்ப அழைத்துவிட்டது என்று மங்களேஸ்வரி சொன்னபோதும் அவன் தேறவில்லை.

முதலில் அனுமதியை அழித்து, அதன் பிறகே முகவரியைக் கொடுக்கும்படி அவன் மாற்றி எழுதினான். இந்த முறை கைபேசியில் வரவேற்பாளரின் பக்கம் மட்டுமே திறந்தது. ஆனாலும் வேல்விழிக்கு ஒப்புதல் கொடுக்கக் கை வரவில்லை. இன்னொருவரும் பார்க்கட்டும் என்று, குழுவிலிருந்த யாசருக்கு அதை அனுப்பிவைத்தாள்.