வேலிக்குள் வளர்ந்த புல்

ஜீப் முதன்முதலாகத் தேவாரத்துக்கு வந்த அன்றைக்குச் சங்கிலியம்மாள் கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். அந்தக் கோழியை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு வயிறு எரிகிறது. வந்தவனுக்குப் பச்சைத் தண்ணீர் கொடுத்திருந்தாலே அதிகம் என்பாள்.

வந்தவர் பொன்னுராஜ். தேனி கடைவீதியில் வத்தல் மண்டி வைத்திருந்தவருடைய மகன். படித்துப் பட்டம் வாங்கி, புல்லை ஆராய்ச்சி செய்கிற உத்தியோகத்தில் இருந்தார். மலையடிவாரத்து மேய்ச்சல் நிலத்தை மேம்படுத்த டில்லியிலிருந்து பணம் ஒதுக்கியிருக்கிறார்களாம். மேய்ச்சல் நிலம் மேம்பட்டால் யாருக்கு நல்லது? மாட்டுக்கு. மாட்டுக்கு நல்லதென்றால் சங்கிலியம்மாளுக்கு நல்லது. அவள் இதற்கு மேல் யோசிக்கவில்லை. இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

புருஷன் போன பிறகு மாட்டுக்கிடையைத் தன் கையில் எடுத்துக்கொண்டவள் அவள். எல்லாம் மலைமாடு. பாலுக்கு வைத்திருக்கிற மாடில்லை. எரு மலைக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குப் போகும், கன்று உழவுக்குப் போகும், அதில் குடும்பம் நடக்கும். மழைக்காலத்தில் எங்கேயும் மேய்க்கலாம். சித்திரை வைகாசியில் மொட்டைப்பாறைச் சரிவை விட்டால் கதி கிடையாது. மலையாளத்துப் பக்கமிருந்து வருகிற சாரல் அந்த ஒரு சரிவில்தான் விழும். காட்டிலாகாவில் மேய்ச்சல் பாஸ் வாங்கிக்கொண்டு அங்கே ஏற்றினால் மாடு கோடையைத் தாண்டும். ஏற்றாவிட்டால் மேட்டுப்பாதையில் லாரியை நிறுத்திக்கொண்டு காத்திருக்கிற கறி வியாபாரியிடம் ஓட்டிவிட வேண்டியதுதான்.

பொன்னுராஜ் அந்தச் சரிவின் நடுவில் நல்ல துண்டாகப் பார்த்து முள்கம்பி வேலி போட்டார். "மாடு உள்ள போகாம இருந்தா புல்லு எப்படி வருதுன்னு பாக்கணும்மா. கொஞ்ச வருஷம் பொறுத்துக்கோங்க. அப்புறம் உங்களுக்குத்தான்" என்றார். பொறுத்துக்கொண்டார்கள். பொறுத்தது மட்டுமா? சங்கிலியம்மாளின் கொழுந்தன் கர்ணன் கல்லுக்கால் ஊன்றக் குழி தோண்டிக் கொடுத்தான். அதுவும் கூலி வாங்காமல்.

புல் வளர்ந்தது. மாடு வாய் வைக்காத புல் வளராமல் என்ன செய்யும்? வருஷம் போகப் போக இடுப்பு உயரத்துக்கு வந்து, நெஞ்சு உயரத்துக்கு வந்தது. ஒரு தையில் பொன்னுராஜ் வந்து, மெட்ராஸிலிருந்து கமிட்டி வருகிறது, அவர்கள் பார்த்து எழுதினால்தான் திட்டத்துக்கு அடுத்த பணம் வரும், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னார். சங்கிலியம்மாளுக்குப் பாவமாக இருந்தது. பாவம் பார்த்த புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று அவளே பின்னால் சொன்னாள்.

கர்ணன்தான் அந்த யோசனையைச் சொன்னான். "வர்றவுக பெரிய ஆளுக மதினி. நம்ம ஒரு கிடையை மட்டும் காட்டினா கேவலம். மாட்டுப்பொங்கலுக்கு இறக்குற மாதிரி இறக்கிருவோம்."

அந்தப் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கம். மாட்டுப்பொங்கல் முடிந்ததும் மலையிலிருக்கிற கிடையெல்லாம் ஒரே இடத்தில் இறங்கும். கொம்புக்கு வர்ணம், கழுத்துக்கு மாலை. சம்பந்தம் பேச வந்தவனாக இருந்தாலும் சரி, சாமியாக இருந்தாலும் சரி, மாட்டை மொத்தமாக நிறுத்திக் காட்டுவதுதான் மரியாதை. மாடு நிறைந்து நின்றால் கண் நிறையும், கண் நிறைந்தால் மனசு இளகும். பெரிய மனுஷன் வருகிறான் என்றால் இவர்களுக்கு வேறெதுவும் தோன்றாது.

பொன்னுராஜிடம் சொன்னபோது அவர் வேலிக்கு உள்ளே பார்த்தார், வெளியே பார்த்தார். பிறகு, "தாராளமா கொண்டு வாங்க. முன்கூட்டியே கொண்டு வந்து வேலியைச் சுத்தி நிறுத்திருங்க" என்றார்.

கோம்பையிலிருந்து வந்தது, பண்ணைப்புரத்திலிருந்து வந்தது, சுருளிப்பட்டியிலிருந்துகூட ஒரு கிடை நடந்தே வந்தது. எல்லாம் மொட்டைப்பாறைச் சரிவில், வேலிக்கு வெளியே. கமிட்டி வரும் தேதி தள்ளிப்போனது. மாடு நின்றது. நின்ற மாடு சும்மாவா நிற்கும்? கமிட்டி வந்து சேர்ந்தபோது வேலிக்கு வெளியே ஒரு புல் நுனி இல்லை. புழுதியும் சாணியும்தான். வேலிக்கு உள்ளே நெஞ்சளவு புல் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

தொப்பி போட்ட ஒரு வயசாளிதான் கமிட்டித் தலைவர். சங்கிலியம்மாள் அவருக்கு மாலை போட்டாள். அவர் உள்ளே ஒரு பார்வை, வெளியே ஒரு பார்வை பார்த்தார். இங்கிலீஷில் ஏதோ சொன்னார். கூட வந்தவன் வேலியை நடுவில் வைத்து இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் சேர்த்துப் படம் பிடித்தான். கர்ணன் தலைப்பாகையைச் சரி பண்ணிக்கொண்டு படத்தில் விழுகிற மாதிரி நின்றான். ஐயோ, அந்தக் கொடுமையை என்னவென்று சொல்வது!

பங்குனி முடிகிற சமயம் காட்டிலாகா கார்டு அழகுமலை வந்தான். உள்ளூர்க்காரன், இவர்களுக்குத் தூரத்துச் சொந்தம். வாசலிலேயே நின்றான், உட்காரவில்லை.

"இந்த வருஷம் யாருக்கும் பாஸ் கெடையாது மதினி."

"என்னலே சொல்ற?"

"மாடுதான் சரிவை மொட்டையடிச்சிருச்சுன்னு கமிட்டிக்காரக எழுதிட்டாக. படத்தோட. முழுச் சரிவுக்கும் வேலி போடப் போறாக. பொன்னுராஜ் சாருக்குப் பெரிய பணம் வந்திருக்கு. புது ஜீப்பு வருதாம்."

சங்கிலியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, செருப்பில்லாமல் கொதிக்கிற தார் ரோட்டில் நடந்து ஆராய்ச்சி ஆபீசுக்குப் போனாள். பொன்னுராஜ் எழுந்து நாற்காலி போட்டார். அவள் உட்காரவில்லை.

"ஏன் சார், கொண்டாந்து நிறுத்துன்னு நீங்கதான சொன்னீக?"

"நானாம்மா கூட்டிட்டு வரச் சொன்னேன்? நீங்களா வந்து கேட்டீங்க. சரின்னேன்."

"வெளிய மொட்டையாகும்னு ஒமக்குத் தெரியாதா?"

பொன்னுராஜ் மேசைமேல் கிடந்த குண்டூசியை எடுத்து உருட்டினார். "கண்ணால பாத்ததைத்தான் அவங்க எழுதினாங்க. நான் என்ன பண்ண முடியும்? பணம் நின்னு போயிருந்தா இங்க வேலை பாக்குற எங்க எல்லாருக்கும் வயிறு காஞ்சிருக்கும்மா."

"ஒன் வயிறு காயக் கூடாதுன்னு என் மாட்டு வயித்துல அடிச்சியா?" அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையில் டைப் அடிக்கிற சத்தம் நின்றது. பொன்னுராஜ் தலையைத் தூக்கவில்லை. அவர் கெட்டவர்கூட இல்லை, அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரம். கெட்டவனாக இருந்தால் காறித் துப்பிவிட்டு வந்திருப்பாள்.

சித்திரை பிறந்தது. கிடையில் மாடு ஒவ்வொன்றுக்கும் விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. வைக்கோல் வாங்கிப் போட்டுக் கட்டுபடியாகுமா மலைமாட்டுக்கு? கறி வியாபாரி வந்து தொழுவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனான். டீக்கடையில் ஒருத்தன், "சங்கிலியக்கா மாட்டுக்கு டில்லி வரைக்கும் பேராயிருச்சுப்பா" என்று கிண்டலடிக்க, கர்ணன் அவன் சட்டையைப் பிடித்துவிட்டான். வீட்டுக்கு வந்து சோற்றைத் தொடாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

"ஒண்ணாக் காட்டுவோம்னு நாந்தான மதினி சொன்னேன்" என்று சுவரிடம் சொன்னான்.

"நீ சொன்னே, நான் மாலை போட்டேன். எந்திரிலே. படுத்துக் கெடந்தா சரியாயிருமா?"

அந்த வாரமே கமிட்டி மறுபடி வருகிறது என்று அழகுமலை சொன்னான். முழுச் சரிவுக்கும் வேலி போட அளந்து பார்க்க வருகிறார்களாம். சங்கிலியம்மாள் ஒரு முடிவுக்கு வந்தாள். வேலிக்குள் இருக்கிற புல்லைக் காட்டித்தானே பணம் வாங்குகிறான்? அந்தப் புல்லே இருக்கக் கூடாது. உள்ளேயும் வெளியேயும் ஒரே மாதிரி மொட்டையாகக் கிடந்தால் எதைப் படம் பிடிப்பான், எதை எழுதுவான்? போன தடவை மாட்டை வைத்து அவன் ஜெயித்தான். இந்தத் தடவை அதே மாட்டை வைத்து நான் ஜெயிக்கிறேன் பார்.

கமிட்டி வருகிற நாள் விடிந்ததும், அழகுமலை காவலுக்கு வருமுன்னே, கிடையை ஓட்டிக்கொண்டு சரிவில் ஏறினார்கள். கர்ணன் தான் ஊன்றின கல்லுக்காலிலிருந்து தானே கம்பியை அறுத்தான். "போங்கடி என் ராசாத்திகளா! வயிறு முட்டத் தின்னுங்க!" என்று கை தட்டினாள் சங்கிலியம்மாள். தலைமாடு செவலை முதலில் உள்ளே நுழைந்தது. மற்றதெல்லாம் பின்னாலேயே போயின. நெஞ்சளவு புல்லில் மாட்டின் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

செவலை மோந்து பார்த்தது. மூச்சை விட்டது. இரண்டடி தள்ளிப் போய் மறுபடி மோந்தது. ஒரு வாய் இழுத்து, மென்று, அப்படியே கீழே விட்டுவிட்டுத் தலையைத் தூக்கி நின்றது. மற்ற மாடுகளும் நின்றன. பட்டினி மாடு, விலா எண்ணலாம், ஆனால் தின்னவில்லை.

"தின்னு! தின்னுடி!" அவள் ஒரு பிடி புல்லைப் பறிக்கப் போனாள். உள்ளங்கையைக் கிழித்தது. வருஷக்கணக்கில் மாடு கடிக்காமல், நெருப்பு படாமல், நின்ற இடத்திலேயே காய்ந்து முற்றிப்போன தாள். அடுப்பில் வைக்கலாம், வாரியல் கட்டலாம். இந்தப் புல்லையா இத்தனை நாள் பொக்கிஷம் மாதிரி காத்தார்கள்! ஆத்திரத்தில் கம்பை ஓங்கிச் செவலையின் முதுகில் ஒரு போடு போட்டாள். அந்த மாட்டை அவள் கன்றிலிருந்து அடித்ததில்லை. செவலை திரும்பி அவளைப் பார்த்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

செவலை அறுத்த கம்பி வழியாக வெளியே வந்தது. வெளியே, போன தையில் மொட்டையடித்த அதே தரையில், ஒரு கோடை மழைக்கே விரல் உயரத்துக்குப் பச்சை பிடித்திருந்தது. அது குனிந்து அங்கே மேய ஆரம்பித்தது. ஒவ்வொன்றாக எல்லா மாடும் வெளியே வந்து குனிந்தன.

அப்போதுதான் ஜீப் ஏறி வந்தது. இரண்டு ஜீப். தொப்பிக்காரர் இறங்கினார், பொன்னுராஜ் இறங்கினார், அளவுச் சங்கிலியோடு ஆட்கள் இறங்கினார்கள். அறுந்த கம்பியைப் பார்த்ததும் பொன்னுராஜின் முகம் வெளிறிப்போனது. தொப்பிக்காரர் கம்பியைப் பார்க்கவில்லை. மாட்டைத்தான் பார்த்தார்.

"உள்ளே இவ்வளவு புல் இருக்கே. ஏன் அதை விட்டுட்டு வெளியே மேயுது?" என்று கேட்டார்.

சங்கிலியம்மாள் ரத்தம் வழிகிற கையை நீட்டினாள். "மாடு திங்காத புல்லுய்யா! மாடு திங்காத புல்லுக்காகவா என் மாட்டை வெரட்டினீக? அவரைக் கேளுங்க, மாடு திங்குமான்னு ஒரு நாளாவது பாத்தாரான்னு கேளுங்க!"

எல்லாரும் பொன்னுராஜைப் பார்த்தார்கள்.  கர்ணனுக்குச் சிரிப்பே வந்துவிட்டது, மாட்டிக்கொண்டான் என்று. பொன்னுராஜ் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "சார், இந்தத் திட்டம் புல் வளர்க்கிறதுக்கு மட்டும்தான். மாடு அதைத் தின்னுதாங்கிறது அடுத்த கட்டம். அதுக்குத் தனியா பணம் கேட்கலாம்னு இருந்தேன்."

தொப்பிக்காரர் தலையை ஆட்டினார். யோசித்து யோசித்து ஆட்டினார். "ரொம்ப முக்கியமான கேள்வி. அதையும் ஆராய வேண்டியதுதான். எழுதி அனுப்புங்க, நான் சிபாரிசு பண்றேன்." சங்கிலியம்மாள் பக்கம் திரும்பி, "நீங்க மாட்டைக் கொண்டு வந்து காட்டினது நல்லதாப் போச்சும்மா. ரொம்ப நன்றி" என்றார். கூட வந்தவன் படப்பெட்டியை எடுத்தான்.

"அப்ப பாஸு?" என்றாள் அவள்.

"ஆராய்ச்சி முடியட்டும்மா" என்றார் பொன்னுராஜ், தரையைப் பார்த்துக்கொண்டு.

இரண்டு தடவை. அவள் மாட்டைக் காட்டி, அவளே கொண்டு வந்து நிறுத்தின மாட்டைக் காட்டி, இரண்டு தடவை பணம் வாங்கிவிட்டான். அவள் படப்பெட்டிக்காரனிடம் போய்ப் படப்பெட்டிக் கண்ணாடியின் மேல் உள்ளங்கையை அழுத்தினாள். ரத்தம் அப்படியே ஒட்டிக்கொண்டது. அவன் பயந்து பின்வாங்கினான். 

"கர்ணா! மாட்டை மேல ஏத்து."

சரிவின் உச்சிக்குப் போகிற பாதையில் அழகுமலை கம்போடு நின்றான். "மதினி, பாஸ் இல்லாம ஏறினா நான் புடிக்கணும். என் வேலை போயிரும்."

"புடி. இன்னைக்குப் புடி, நாளைக்கும் ஏறுவேன். நாளைக்குப் புடி, நாளன்னைக்கும் ஏறுவேன். கறிக்காரன் லாரிக்கு மட்டும் ஓட்ட மாட்டேன்."

அழகுமலை ஜீப்பைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், எலும்பு துருத்தின செவலையைப் பார்த்தான். பிறகு குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்ட ஆரம்பித்தான். கயிறு அவிழ்ந்திருக்கவேயில்லை. செவலை அவன் தோளை உரசிக்கொண்டு முன்னே ஏறியது, கிடை மொத்தமும் அதன் பின்னால் ஏறியது.

சங்கிலியம்மாள் பாதி மேட்டில் நின்று திரும்பினாள். கீழே ஜீப் பக்கம் அவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னய்யா பாத்துக்கிட்டு நிக்கிறீக?" அவள் குரல் சரிவு முழுக்கக் கேட்டது. "மாடு மலையேறுது! எழுதிக்கங்க! இதுக்கும் பணம் வரும்!"